தாளம் முடிகிற இடம்

ரீகனின் தாடையில் விழுந்த குத்தைப் பதினோரு லட்சம் பேர் விரும்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பேருந்தில் நின்றிருந்த ஒருத்தி 'ஆ' என்று தாடையைப் பிடித்தாள். மறுகணமே சிரித்துக்கொண்டு, அதே பாட்டு தானாக மறுபடி சுழலக் காத்திருந்தாள்.

மெய்யிசை வந்தபின் வெறும் காதால் பாட்டுக் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். பாடுபவனின் பிடரியில் ஒட்டிய வில்லை அவன் உடம்பு படுவதையெல்லாம் அனுப்பும். கேட்பவனின் பிடரிவில்லை அதை வாங்கி அவன் உடம்பில் இறக்கும். ஆனால் படுவதற்கு ஏதாவது வேண்டுமே! தூத்துக்குடியில் ஒரு மொட்டைமாடி அறையில் தனியாளாக உட்கார்ந்து ரீகன் செய்த பாட்டுகளில் அலுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை எவன் கேட்பான்?

பிறகு ஒரு கல்யாணக் கச்சேரியில், கேட்ட பாட்டைப் போடவில்லை என்று மாப்பிள்ளையின் தம்பி மேடையேறி அவன் முகத்தில் குத்தினான். வில்லை ஓடிக்கொண்டிருந்தது. குத்து தாளத்தின் முதல் அடியில் கனகச்சிதமாக விழுந்திருந்தது. ரீகன் அதை மட்டும் எடுத்துச் சுழலவிட்டான். குத்துக்குப் பின்னால் பொங்கிய ஆத்திரம் தாளத்தில் நிற்காததால் வெட்டி எறிந்தான். "தாளம் முடியுற இடத்துலதாம்ல வெட்டணும். நடுவுல வெட்டுனா பாட்டு செத்துரும். சுத்தமா வெட்டுனா கேக்கவன் வில்லையே திருப்பிச் சுத்தவிட்டுரும்" என்பான். அது அவன் விடாத விரதம்.

முதல் பாட்டு ஓகோவென்று ஓடியது. அடுத்த பாட்டில்தான் உதைத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இருவரை அழைத்துத் தன்னை அடிக்கச் சொன்னான். ஒரு பல் போனதுதான் மிச்சம். வரப்போகும் அடி தெரிந்த உடம்பு முன்கூட்டியே இறுகிவிட்டது. கேட்டவர்கள் 'பொய் அடி' என்று காறித் துப்பினார்கள்.

"மதுரை நிகழ்ச்சியும் ஊத்திக்கிச்சுன்னா, நான் மறுபடி கல்யாண வீட்டுலதாம்ல வாசிக்கணும்" என்று புலம்பினான்.

கூடப் படித்தவனும் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்பவனுமான செல்வின் அவன் தோளைத் தட்டினான். "நீ ஏம்ல கவலப்படுத? நான் இருக்கேம்லா."

மதுரை அரங்கில் நாலாயிரம் பேர், வீடுகளில் பல லட்சம் பேர். செல்வினைத் தவிர எல்லார் பிடரியிலும் வில்லை. நேரடி நிகழ்ச்சியில் எதையும் வெட்ட முடியாது என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

மூன்றாவது பாட்டிலேயே கூட்டம் கொட்டாவி விட்டது. செல்வின் சிரித்தபடி தண்ணீர் பாட்டிலோடு மேடைக்கு வந்தான். ரீகன் கையை நீட்டினான். செல்வின் மறு கையிலிருந்த மைக் தாங்கியின் இரும்புக் கம்பியை ஓங்கி அவன் வாயில் இறக்கினான்.

நாலாயிரம் வாய்கள் ஒன்றாக அலறின. நண்பனுக்காகத்தான் அடித்தான், பாவி. உதடு கிழிந்து தொங்க, ரீகனுக்கும் அது புரிந்தது. ஆனால் ஆத்திரத்துக்கு ஏது கண்? அடித்தவனைக் கொல்ல வேண்டும் என்ற வெறி, இந்த முறை வெட்டுப்படாமல் எல்லார் உடம்பிலும் இறங்கியது.

அரங்கத்தாருக்கு அடித்தவன் கண்ணெதிரே இருந்தான். நாற்காலிகளை மிதித்துக்கொண்டு மேடையேறினார்கள். வீடுகளில் பக்கத்தில் இருந்தவன்தான் கிடைத்தான். விருதுநகரில் ஒருவன் சொந்த அண்ணனின் மண்டையை இஸ்திரிப் பெட்டியால் உடைத்தான்.

"வில்லையப் பிடுங்குல! ரீகா, பிடுங்கிப் போடுல!" என்று கூட்டத்தின் காலடியிலிருந்து செல்வின் கத்தினான். அவன் கையைப் பின்னால் வளைத்தார்கள். எலும்பு முறியும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

ரீகன் பதறிப்போய்ப் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனான். நகம் வில்லையின் விளிம்புக்கு அடியில் நுழைந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே ஆத்திரம், ஒரே நாடித்துடிப்பு. அதனால் உதைகள் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தன. அப்படியொரு தாளத்தை அவன் கேட்டதே இல்லை. தாளம் பாதியில் இருந்தது. விரல் தானாக நின்றது. சுற்றி வந்து முடிகிற இடத்தில்தான் பிடுங்கினான்.

கூட்டம் விக்கித்து நின்றது. ரீகன் ஓடிப்போய் செல்வினை மடியில் போட்டுக் கதறினான். செல்வினுக்கு இன்னும் மூச்சு இருந்தது. பிழைத்துவிடுவான்.

ஆனால் வெட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. அப்படிப் பிசிறில்லாமல் முடியும் பாட்டைக் கேட்பவர்களின் பிடரிவில்லைகள் தாமாகவே மறுபடி சுழலவிடும். நாலாயிரம் பேரும் சேர்ந்தாற்போல் வாயைப் பொத்திக்கொண்டு அலறினார்கள்.

"முடிஞ்சிட்டுடே! நான்தான் வெட்டிட்டேம்லா!" என்று கத்தியபடி ரீகன் செல்வின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். முதல் உதை தாளம் தப்பாமல் அவன் முதுகில் விழுந்தது.