கட்டை சிரித்த மத்தியானம்

மூன்று கிண்ணச் சோற்றில் ஒன்று மட்டும் ஆறிப்போயிருந்தது. ஒரே பானையிலிருந்து பீ லியான் இப்போதுதான் அள்ளி வைத்த சோறு. தாத்தா படத்துக்கும் பெரியப்பா படத்துக்கும் முன்னால் ஆவி பறந்துகொண்டிருக்க, நடுவில் அம்மாவின் கிண்ணம் மட்டும் தொட்டால் சில்லென்றது. வேறொரு நாளாக இருந்தால் யோசித்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கு இருந்த கோபத்தில் ஊதுபத்தியைக்கூடப் பொறுமையாகக் கொளுத்த முடியவில்லை.

பினாங்கு மழை ஓட்டுக்கூரையில் விடாமல் கொட்டி, மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டை இருட்டாக்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பா இருபது நாளாக மெஷினில் மூச்சு விடுகிறார். இனிமேல் பிரயோஜனமில்லை, மெஷினை எடுப்பதா வேண்டாமா என்று ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர் ஃபாரத்தை நீட்டிவிட்டார். கல்யாணம், வீடு மாறுவது, கடை திறப்பது என்று எல்லாவற்றையும் இந்த முன்னோர் பீடத்தின் முன்னால் குறிக்கட்டை போட்டுக் கேட்ட குடும்பம்தான். ஆனால் ஒருவர் சாக வேண்டிய நேரத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தக் கோபத்துக்குக் காரணம், அவள் ‘கோ’ என்று கூப்பிடும் அண்ணன் கெங் ஹொக் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னதுதான்.

“நீ கேட்டுச் சொல்லு. முன்னோருங்க என்ன சொல்றாங்களோ அப்படியே கையெழுத்து போடுறேன்.”

“மூத்த மகன் நீதானே கோ? ஆறு வருஷமா அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினது நான். இதையும் என் தலையில கட்டுறியா?”

“கத்தாத லா. கேட்டுட்டுச் சொல்லு.”

பிறை வடிவச் சிவப்புக் கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தாள். ஒன்று தட்டைப் பக்கம் மேலாகவும் ஒன்று குப்புறவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால், கேட்கப்பட்டவர் சிரிக்கிறார். கேட்பதற்கு முன்னால் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்து, வந்தாயிற்றா என்று விசாரிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும்.

“இந்த வீட்டு ஆளு யாராச்சும் வந்து பதில் சொல்லுங்க!” என்று கத்தினாள். “மெஷினை எடுத்துடலாமா?”

கட்டைகள் சிரித்தன.

மறுபடி போட்டாள். சிரித்தன. மூன்றாவது தடவையும் அதே.

“சிரிக்கிறீங்களா? நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன், உங்களுக்குச் சிரிப்பா வருதா?”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மழைக்கு அடியில், பீடத்துக்குப் பின்னால், மெதுவாக. ஸ்ஸ்ஸ், டக். ஸ்ஸ்ஸ், டக். இருபது நாளாக ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டுக் காதில் ஒட்டிக்கொண்ட மூச்சு. கூடவே, அப்பா நெஞ்சில் தேய்க்கும் பச்சைத் தைலத்தின் வாசனை. அவள் கட்டைகளை மறுபடி பொறுக்கி எடுத்தாள்.

“தாத்தாவா?”

இல்லை.

“பெரியப்பாவா?”

இல்லை.

“அம்மா?”

இல்லை.

இந்த வீட்டு ஆள் யாராச்சும் என்றுதானே அழைத்தாள்? செத்தவர்கள் என்று சொல்லவில்லை.

“அப்பா... நீங்களா?”

மூன்று தடவை போட்டாள். ஆமாம். ஆமாம். ஆமாம்.

போன் அடித்தது. கட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தாள்.

“பீ லியான்! அப்பா கண்ணைத் திறந்துட்டாரு!” அண்ணன் அழுதுகொண்டே சிரித்தான். “குழாயை அவரே பிடுங்கிப் போட்டுட்டு உட்கார்ந்துட்டாரு. டாக்டரே மிரண்டு நிக்கிறாரு. ஃபாரத்தைக் கிழிச்சுட்டேன்!”

அப்பா இங்கே இருக்கிறார் என்றால், அங்கே கண்ணைத் திறந்தது யார்?

“கிழிச்சுட்டியா? அடப்பாவி... கோ, அவர் பக்கத்துல நிக்காத. வெளிய வா.”

“பைத்தியமா உனக்கு? பசிக்குதாம் அவருக்கு. ஒரு கிண்ணம் சோறு பத்தலையாம், மிச்சம் ரெண்டையும் கேக்குறாரு. என்னா சோறு அது?”

அவள் பீடத்தைப் பார்த்தாள். தாத்தாவின் கிண்ணத்தில் ஆவி பறப்பது நின்றுபோயிருந்தது. பெரியப்பாவின் கிண்ணத்திலும்.

ஸ்ஸ்ஸ், டக். இப்போது அவள் முதுகுக்குப் பின்னால். வேகமாக. பயந்துபோன மூச்சு.

“இரு, உன்கூடப் பேசணுமாம். குடுக்குறேன்.”

“வேண்டாம் கோ. வேண்டாம்—”

போனில் ஒருவர் சிரித்தார். அப்பாவின் குரல்தான். ஆனால் அப்பா ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவள் காலடியில், யாரும் தொடாத கட்டைகள் தாமாகப் புரண்டு, தட்டைப் பக்கம் மேலாகக் கிடந்தன.