சிங்கம் நின்ற இடத்தில்

கிளாடிசின் கையில் பென்சிலைக் கொடுத்தால் போதும், அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால்தான் அற்புதமணி டீச்சர் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த ஆண்டு அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக் கண்காட்சிக்கு ஊரின் பழைய வரைபடத்தைப் பார்த்து வரைய வேண்டும். அந்தக் காலத்தில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். ஒரு மூலையில் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு முகம் காற்றை ஊதியது. கோட்டையைவிடக் கப்பல் பெரிதாக இருந்தது.

"கப்பல் ஏன் டீச்சர் இவ்வளவு பெரிசு?"

"செதுக்குனவங்க முத்து வாங்கக் கப்பல்ல வந்தவங்க. அவங்களுக்கு அதுதான் பெரிசு."

ஊருக்கு வடக்கே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும். அங்கே ஒரு சிங்கத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். கிளாடிஸ் அதன் பிடரி மயிரைக்கூட விடாமல் மையில் வரைந்து முடித்தாள்.

பக்கத்தில் இருந்த சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். அவள் வீடு உப்பளத்தில் இருந்தது.

"ஏளா, எங்க வீடு இதுல எங்கன இருக்கு?"

கிளாடிசின் விரல் வடக்கே போய்ச் சிங்கத்தின் மேல் நின்றது.

"அப்போ இவ சிங்கத்துக்க வயித்துக்குள்ளதான் குடியிருக்கா," என்றான் பின்வரிசையில் இருந்த வளன்.

வகுப்பே சிரித்தது. கிளாடிசும் சிரித்துவிட்டாள். சந்தனமாரி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

கிளாடிசுக்கு மனசே சரியில்லை. சாயங்காலம் உப்பளத்துக்கு நடந்தாள்.

"நான் கண்காட்சிக்கு வரமாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் சந்தனமாரி.

"நானும் சிரிச்சுட்டேன், தப்புதான். உங்க வீட்டை நல்லாப் பார்த்துக்கிடுதேன், இரு."

கிணற்றைப் பார்த்தாள். உப்பு விளையும் பாத்திகளை எண்ணினாள். ஓலை மூடிய உப்புக் குவியலைச் சுற்றி வந்தாள். பிறகு வீட்டுக்கு ஓடி, அங்கே கொண்டுவந்து வைத்திருந்த தன் படத்தில், சிங்கத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டினாள்.

கண்காட்சி அன்று காலையில் டீச்சர் படத்தை மூக்குக் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தார். பிறகு வாசலுக்கு நேராக மாட்டினார்.

சந்தனமாரி தன் அம்மா சீனித்தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள். சிங்கத்தைக் காணோம். அந்த இடத்தில் கிணறும், எட்டுப் பாத்திகளும், நடுவே ஒரு ஓலை வீடும் இருந்தன. கப்பலைவிட, கோட்டையைவிட அந்த வீடு பெரிதாக இருந்தது.

சந்தனமாரி கிட்டப் போய் அந்த ஓலை வீட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க வீடு இவ்வளவு பெரிசு இல்லளா."

"எனக்கு இவ்வளவு பெரிசுதான்," என்றாள் கிளாடிஸ்.