ஐந்தருவிச் சாலை ஸ்ட்ராபெரி

“ஏங்க! செடிய ஏன் புடுங்குதிய?”

காளீஸ்வரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சாரலில் நனைந்த முகம்... கோபப்படத் தெரியாத கண்கள். குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் இருந்த அந்த ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்காரன், விஜய்பாண்டி.

“ரெண்டு தடவ கூப்பிட்டேன், ஆளக் காணோம். வேர் நுனி மட்டுந்தான் வேணும். காலையில எடுத்தாத்தான் குரோமோசோம எண்ண முடியும்.”

தென்காசிக் கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சி அது. காட்டு ஸ்ட்ராபெரியில் பதினாலு குரோமோசோம். கடையில் விற்கும் பழத்துக்கு ஐம்பத்தாறு. எப்படிப் பெருகியது, எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

“சிலி நாட்டுச் செடி ஒண்ணு பிரான்ஸுக்குப் போயி காய்க்காமலே நின்னுது. பக்கத்துல வட அமெரிக்கச் செடிய நட்டப்புறந்தான் இந்தப் பழமே பொறந்துது.”

“அங்கன யாரும் ‘ஏன் புடுங்குதிய’ன்னு சண்டைக்கு வரலையாக்கும்?”

சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

“என் செடியும் பூக்குது, காய்க்க மாட்டேங்கு. இந்த சீசனும் காய்க்கலன்னா போலீஸ் செலக்‌ஷனுக்குப் போன்னு எங்கய்யா சொல்லிட்டாவ. எண்ணிப் பாத்துச் சொல்லுதியளா?”

நாலு நாளில் வந்து சொன்னாள். “முப்பத்தஞ்சு. ஜோடி சேராது. இது கலப்புச் செடி, காய்க்கவே காய்க்காது.”

“நல்லாத்தான வளருது...”

“மைக்ராஸ்கோப்புல பாத்தது நானா, நீங்களா?”

அவன் முகம் வாடியது. திரும்பி நடந்தான். ஏன் அப்படிக் கேட்டோம் என்று பஸ் பயணம் முழுக்க அவளுக்கு உறுத்தியது.

உறுத்தல் தாங்காமல் மறுநாள் மிச்சமிருந்த வேர் நுனியைக் கண்ணாடித் துண்டில் நசுக்கி மறுபடி எண்ணினாள். பத்து செல்... பத்திலும் ஐம்பத்தாறு! முதலில் எண்ணியது ஒரே செல். கட்டைவிரல் அழுத்தத்தில் அது உடைந்து, இருபத்தொரு குரோமோசோம் சிதறிப்போயிருந்தது. தன் தப்பு. அதை அவனிடம் போய் ஒப்புக்கொள்ள வேண்டுமே... கௌரவம் இரண்டு நாள் தடுத்தது.

மூன்றாம் நாள் மழையில் ஓடி வந்தபோது, விஜய்பாண்டி முதல் வரிசையைப் பிடுங்கி முடித்திருந்தான்.

“நிறுத்துங்க! நான் தப்பா எண்ணிட்டேன். செடியில ஒரு குறையும் இல்ல... என் அவசரந்தான்.”

மண்வெட்டியைக் கீழே போட்டான்.

“பின்ன ஏன் காய்க்கல?”

“இந்தச் சாரல்ல, நீங்க போட்ட நிழல்வலைக்குள்ள தேனீ எப்படி வரும்? நாமதான் தேனீ.”

பிடுங்கியதை இருவருமாகத் திருப்பி நட்டார்கள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஆளுக்கொரு ஓவிய பிரஷ். பூவுக்குப் பூ தொட்டுத் தொட்டு... ஒரே பூவில் இரண்டு பிரஷும் மோதினால் இருவர் காதும் சிவக்கும்.

ஒரு மாதத்தில் முதல் பழம் சிவந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டான அவன் அய்யா தின்று பார்த்து, “செலக்‌ஷன் இருக்கட்டும்லே, வேலி கம்பி மாத்து” என்றுவிட்டுப் போனார்.

விஜய்பாண்டி அவள் பக்கம் திரும்பவே இல்லை. இலையைத் தடவியபடி கேட்டான்.

“உங்க எண்ணிக்கை முடிஞ்சிட்டுல்லா... இனி வரமாட்டியளோ?”

“அது முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேலாச்சு.”

“பின்ன ஏன் தினமும் வாரிய?”

சாரல் முகத்தில் தெறித்தது. காளீஸ்வரி துடைக்கவில்லை.

“உங்களப் பாக்கத்தான்... இது தெரிய உங்களுக்கு ஒரு மாசமா?”

“மொத நாளே தெரியும். நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்தேன்.”