எட்டு மணி வரை சாகாதே!

"நைன் ஒன் ஒன்... வாட்ஸ் யுவர் எமர்ஜென்சி?"

"சீக்கிரம் ஆம்புலன்ஸ் அனுப்புங்க! என் பாஸுக்கு மூச்சு இல்லை!"

ஆங்கிலத்தில் அலறிய அந்தக் குரல் ஸ்ரீநிவாசனுடையது. வியாழக்கிழமை காலை எட்டு மணி பதினொரு நிமிஷம். நியூஜெர்சி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்.

ஆம்புலன்ஸ் நான்கே நிமிஷத்தில் வந்து நின்றது. இந்த ஊரில் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள்.

கூப்பிட வேண்டும்... அவ்வளவுதான்.

கீழ்த்தள அறைக் கட்டிலில் நஞ்சுண்டன் மல்லாந்து கிடந்தார். வயது அறுபத்து நான்கு. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பைபாஸ் ஆபரேஷன். கண்கள் பாதி திறந்திருந்தன. நெஞ்சில் பிளாஸ்திரி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அப்பா...!"

மாடியிலிருந்து ஓடி வந்த விஷாகா போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நஞ்சுண்டனின் ஒரே மகள். இது அவள் வீடு. எமர்ஜென்சி டாக்டர். கணவன் இந்த வாரம் வெளியூரில், ஆபீஸ் வேலையாக. அம்மா சாந்தாமணி சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுகையெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோன முகம்.

செத்தவர் சாதாரண ஆள் இல்லை. சாரோவா தீவுக் குடியரசின் மீன்வளத்துறை மந்திரி! வெளிநாட்டு மந்திரி என்பதால் கவுன்ட்டி டிடெக்டிவ் வந்து சேர்ந்தாள்.

பெயர் தென்றல். கரூரில் பிறந்து எட்டு வயதில் ஜெர்சிக்கு வந்தவள். பெயர்தான் தென்றல்... கேள்வி கேட்க ஆரம்பித்தால் புயல்!

ஹாலில் ஸ்ரீநிவாசனை உட்கார வைத்தாள். நஞ்சுண்டனின் பி.ஏ., வீட்டாருக்குச் சீனு. பதினோரு வருஷமாக அவருக்குக் கையும் காலும் இவர்தான்.

"சாரோவாவா? அது எங்க சார் இருக்கு?"

"இண்டியன் ஓஷன்ல மேடம். சின்னத் தீவு. அந்தக் காலத்துல கரும்புத் தோட்ட வேலைக்குக் கூட்டிட்டுப் போன தமிழ் ஜனங்க ஒரு இருபதாயிரம் பேர் இருக்கோம். ஐயாதான் எங்க கட்சித் தலைவர். கட்சிக்கு ஒரே எம்.பி.யும் ஐயாதான்."

"ஒரே எம்.பி... அதுக்கு மந்திரி பதவியா?"

"கூட்டணி மேடம். பார்லிமென்ட்ல மொத்தம் இருபத்தொம்பது சீட். நாங்க பதினஞ்சு, எதிர்க்கட்சி பதினாலு. அந்தப் பதினஞ்சாவது ஆள் ஐயா."

ஒரு எம்.பி. வயிற்றுவலி என்று லீவு போட்டால் பிரதமர் மூட்டை கட்ட வேண்டிய அரசாங்கம்!

"அப்போ இவர் இங்க வந்து ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தாரே... அங்க அரசு எப்படி நின்னுது?"

"ஜோடி போட்டிருக்கோம் மேடம். எங்க பார்லிமென்ட்ல பழைய வழக்கம். இந்தப் பக்கம் ஒருத்தர் ஆஸ்பத்திரியில படுத்தா, அந்தப் பக்கம் ஒருத்தர் வோட் போடாம வெளிய நிப்பார். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, வெறும் வாய் வாக்கு. எதிர்க்கட்சி சுந்தரராமன் சார்தான் ஐயாவுக்கு ஜோடி. பால்ய சிநேகிதர். தலையே போனாலும் வாக்கு மாற மாட்டார்."

"இன்னிக்கு அங்க ஏதாவது வோட் இருக்கா?"

ஸ்ரீநிவாசன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்பிக்கை வாக்கெடுப்பு... நம்ம டைம் காலைல எட்டு மணிக்கு சபைக் கதவைப் பூட்டிடுவாங்க. எல்லார் போனையும் வாசல்லயே வாங்கி வெச்சுடுவாங்க. பேச்சு முடிஞ்சு, வோட் எடுத்து, கதவைத் திறக்கற வரைக்கும் ஒரு தகவலும் உள்ள போகாது, வெளிய வராது."

"ஜோடியில ஒருத்தர் செத்துட்டா?"

"...வாக்கு அத்தோட முடிஞ்சுது. இன்னொருத்தர் உள்ள போய் வோட் போடலாம்."

"போட்டா பதினாலுக்குப் பதினாலு. டை ஆனா?"

"அரசு தோத்த மாதிரி."

தென்றல் நோட்டை மூடினாள்.

"எட்டு மணிக்குக் கதவைப் பூட்டறாங்க. எட்டு பதினொண்ணுக்கு நீங்க போன் பண்றீங்க. உங்க ஐயா சாவுலகூட ரொம்ப பங்க்சுவல் போல சார்!"

"மேடம்... அம்மாதான் பார்த்தாங்க! காபி கொண்டுபோனப்போ..."

தென்றல் சமையலறைக்குப் போனாள். சாந்தாமணி தரையில் உட்கார்ந்திருந்தாள். விஷாகா அவள் தோளைப் பிடித்தபடி பக்கத்தில்.

"ஆன்ட்டி... அங்கிளை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"எட்டு மணிக்குங்க கண்ணு. காபி கொண்டுபோனேன். எழுப்பினேன். எந்திரிக்கல..."

யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற குரல். தென்றலின் கண்கள் அடுப்பின் மேல் நின்றன. ராத்திரி துடைத்து வைத்தது துடைத்தபடியே இருந்தது. பால் பாத்திரம் இல்லை, டம்ளர் இல்லை, காபி வாசனை இல்லை.

பக்கத்தில் மளிகை அலமாரியின் ஒரு தட்டைச் சாமி மாடமாக்கியிருந்தார்கள். பித்தளை விளக்கு. விளிம்பு வரை எண்ணெய். புதுத் திரி. நுனி கருகவே இல்லை.

"விஷாகா, அம்மா தினமும் விளக்கு ஏத்துவாங்களா?"

"டெய்லி! இங்க வந்து ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூட மிஸ் பண்ணதில்ல. அஞ்சரைக்குக் குளிச்சுட்டு, விளக்கேத்தி, சாம்பிராணி போட்டாத்தான் அப்புறம் காபியே. அந்தப் புகைக்கு ஸ்மோக் அலாரம் கத்தும். நான் அதுலதான் எழுந்திருப்பேன். நேத்து டபுள் ஷிஃப்ட் வேற. இன்னிக்கு அலாரம் கத்தல... அதான் எட்டு மணி வரைக்கும்..."

சட்டென்று நிறுத்தினாள். மெல்ல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தென்றல் தரையில் சாந்தாமணிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி... சாவு விழுந்த வீட்டுல சாமி விளக்கு ஏத்த மாட்டாங்க. எங்க அம்மாவும் அப்படித்தான். இன்னிக்கு அஞ்சரைக்கே இது சாவு வீடுன்னு உங்களுக்குத் தெரியும். போலீஸ்கிட்ட பொய் சொல்லிட்டீங்க... சாமிகிட்ட சொல்ல முடியல. இல்லையா?"

அவ்வளவுதான்! சாந்தாமணி உடைந்துபோனாள்.

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சனுங்க கண்ணு... ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரித் தொணைக்கு சீனுதான் அவரு ரூம்ல படுப்பாரு, அவரு ரூம் வாசல்ல நிக்கறாரு. 'ஐயா போயிட்டாரும்மா'ங்கறாரு. உள்ள ஓடப் போனேன். விடல. 'நீங்க பார்த்தா அழுவீங்க, விஷாகா எந்திரிச்சுரும். அது டாக்டரு. தெரிஞ்ச நிமிஷமே ரிப்போர்ட் பண்ணோணும், மறைச்சா லைசென்ஸ் போயிரும். எட்டு மணி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கங்க. அரசு நின்னாத்தான் பட்டா மசோதா பாஸாகும்'னாரு..."

"என்ன மசோதா?"

"தோட்ட முதலாளி வரிசையா கட்டுன லைன் வீட்டுல இருக்கற எங்க சனத்துக்கு, இருக்கற எடத்தைச் சொந்தமா எழுதிக் குடுக்கறதுங்க. முப்பது வருஷமா அவருக்கு அதே நெனப்பு. அதுக்காகத்தானுங்க அந்தக் கூட்டணிக்கே போனாரு. செத்தாலும் அவரு ஆசை நடக்கட்டும்னு... முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு மூணு மணி நேரம் ஹால்ல உக்காந்திருந்தேன் சாமி!"

விஷாகா எழுந்து போனாள். ஐந்து நிமிஷம் கழித்து லேப்டாப்புடன் திரும்பி வந்தாள். முகம் வெள்ளையாக இருந்தது.

"டிடெக்டிவ்... அப்பா நெஞ்சுல ஒட்டியிருக்கறது பிளாஸ்திரி இல்ல. ஹார்ட் மானிட்டர். அலாரம் அடிக்காது, ரெக்கார்ட் மட்டும் பண்ணும். இப்போ டவுன்லோட் பண்ணிப் பார்த்தேன்."

"சொல்லுங்க."

"நாலு அம்பத்தெட்டுக்கு அட்டாக் ஸ்டார்ட் ஆயிருக்கு. ஆனா ஹார்ட் நின்னது... ஏழு பன்னெண்டுக்கு!"

சாந்தாமணிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஏழு பன்னெண்டா? அப்ப... அஞ்சு மணிக்கு?"

"உயிரோட இருந்தார்மா. ரெண்டே கால் மணி நேரம் உயிரோட இருந்தார். நான் மேல தூங்கிட்டிருந்தேன். பதினாறு படிம்மா... வெறும் பதினாறு படி! தினமும் இதே கேஸ் யார் யாருக்கோ பாக்கறேன். எங்க அப்பாவுக்குப் பாக்க முடியல!"

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். தென்றல் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள்தான். இருந்தாலும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

சாந்தாமணி திடீரென்று விறைத்து நிமிர்ந்தாள்.

"இருமல்...!"

"என்ன ஆன்ட்டி?"

"ஆறு மணி இருக்கும்... உள்ள இருமல் சத்தம் கேட்டுச்சு. நாப்பது வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்ட இருமலு, எனக்குத் தெரியாதா? ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். சீனு எட்டிப் பார்த்து, 'நான்தாம்மா இருமினேன், இந்த ஊர்க் குளிரு'ன்னாரு. நம்பினேனே! படுபாவி நான் நம்பினேனே! ஒரு தடவ கத்தியிருந்தா என் புள்ள எறங்கி வந்திருக்குமே!"

தலையில் அடித்துக்கொண்டாள். 'உன் தப்பு இல்லம்மா' என்று சொல்ல விஷாகா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

தென்றல் விருட்டென்று ஹாலுக்கு வந்தாள். ஸ்ரீநிவாசன் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிசல்ட்டுக்கு வெயிட் பண்றீங்களா சார்?"

"மே... மேடம்?"

"ஏழு பன்னெண்டு வரைக்கும் உங்க ஐயா ஹார்ட் ஓடியிருக்கு."

"பல்ஸ் பார்த்தேன் மேடம்! சத்தியமா இல்லைன்னுதான் நினைச்சேன்!"

"அப்போ ஆறு மணிக்கு இருமினது யாரு... பிணமா?"

ஸ்ரீநிவாசனின் நெற்றியில் வேர்வை பூத்தது.

"எனக்கு ஒரு டவுட் சார். அவர் ஆஸ்பத்திரியில உயிரோட படுத்திருந்தாலே ஜோடி நின்னிருக்கும். உங்க அரசு சேஃப். அப்புறம் எதுக்கு டாக்டர் மகளைக்கூட எழுப்பல? அவர் கண்ணு முழிச்சு எதையாவது பேசிடுவார்னு பயமா?"

ஸ்ரீநிவாசன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பேசுங்க. கொலைக்கேஸுக்கும் அதுக்குக் கொஞ்சம் கீழ உள்ள கேஸுக்கும் நடுவுல இப்போ நிக்கறீங்க!"

ஸ்ரீநிவாசன் நாற்காலியில் தொய்ந்தார்.

"ராத்திரி ஐயா என்னைக் கூப்பிட்டார்... 'பி.எம். நம்மள ஏமாத்திட்டான். காலைல ஏழரைக்கு ஸ்பீக்கருக்கு போன் போட்டு ஜோடியை முறிக்கப் போறேன்'னார். நான் பி.எம். ஆபீஸ்ல சொன்னேன். 'எட்டு மணி வரைக்கும் அவர் வாய் திறக்கக்கூடாது. அப்புறம் அவர் தொகுதியும் உனக்குத்தான், மீன்வளத்துறையும் உனக்குத்தான்'னாங்க. எப்படி வாயை மூடறதுன்னு முழிச்சிட்டிருந்தேன்... தானா அட்டாக் வந்துது. நான் அவரைத் தொடக்கூட இல்ல மேடம்! யாரையும் கூப்பிடல, அவ்வளவுதான்!"

"கூப்பிடாம இருந்தது ஒண்ணு. கட்டின பொண்டாட்டியை உள்ள விடாம கதவுல நின்னது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு இங்க பேரே வேற."

வாசற்படியில் விஷாகா நின்றிருந்தாள்.

"அங்கிள்... அப்பா கடைசியா ஏதாவது சொன்னாரா?"

ஸ்ரீநிவாசன் தரையைப் பார்த்தார்.

"உன்னைக் கூப்பிடச் சொன்னார்மா. ரெண்டு தடவை."

விஷாகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது...

மேஜை மேல் நஞ்சுண்டனின் போன் அடித்தது! திரையில் சுந்தரராமன் பெயர். மணி பத்து இருபத்தாறு. தென்றல் கையுறை விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"டேய் நஞ்சுண்டா! கவுத்துட்டோம்டா! பதினாலுக்குப் பதினாலு!"

ஸ்ரீநிவாசன் துள்ளி எழுந்தார்.

"கதவைப் பூட்டறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உள்ள போய் உக்காந்தேன் பாரு... பி.எம். மூஞ்சி செத்துப்போச்சு! உங்க ஊர் ராத்திரியில நீ போன் பண்ணிச் சொன்னது சரிடா. 'வாக்குல இருந்து உன்னை விடுவிச்சுட்டேன், காலைல நான் ஸ்பீக்கர்கிட்ட பேசினாலும் பேசாட்டியும் நீ உள்ள போயிடு'ன்னியே... மசோதாவுல பட்டாவை வெட்டிட்டு, நிலத்தை ஓட்டல்காரனுக்குத் தாரை வார்க்கப் பாத்தான் அந்த ஆளு. ஒழிஞ்சான்! இனி எலெக்ஷன்தான்! ஏன்டா... பேசவே மாட்டேங்கறே?"

ஸ்ரீநிவாசன் வாயைப் பிளந்து நின்றார். நேற்று ராத்திரியே எல்லாம் முடிந்துவிட்டது! ஏழரை மணிப் போன் தேவையே இல்லை. அந்த ரெண்டே கால் மணி நேரம் யாருக்காக, எதற்காக... ஒன்றுக்கும் இல்லை!

சாந்தாமணி வந்து போனின் பக்கம் குனிந்தாள். புருஷனின் ஆசை என்று நினைத்து எந்த அரசைக் காப்பாற்ற வாயைப் பொத்தினாளோ, அந்த அரசுதான் அவர் ஆசையைக் குழிதோண்டிப் புதைக்க இருந்தது. அது அவளுக்கு இப்போது முழுசாகப் புரிந்துவிட்டது.

"அண்ணா..."

"யாரு, தங்கச்சியா? அவன் தூங்கறானா? எழுப்பாதம்மா! நல்லாத் தூங்கட்டும்!"

சாந்தாமணி வீறிட்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. மகள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். போனில் சுந்தரராமன், "என்னம்மா... என்னாச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்ல அங்கே யாருக்கும் தெம்பு இல்லை.

தென்றல் விலங்கை எடுத்தாள்.

"மேடம்! என்கிட்ட டிப்ளமாட்டிக் பாஸ்போர்ட் இருக்கு!" ஸ்ரீநிவாசன் பதறினார். "நீங்க என்னைத் தொட முடியாது! எங்க அரசு என்னை..."

"வெறும் பாஸ்போர்ட் இங்க காப்பாத்தாது, நீங்க எம்பஸி ஆள் இல்ல. அப்புறம்... எந்த அரசு சார்? அதான் கவுந்துடுச்சே!"

க்ளிக்!

"கவலைப்படாதீங்க. மந்திரிக்குக் கிடைக்கறதெல்லாம் உங்களுக்கும் கிடைக்கும். தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, முன்னும் பின்னும் போலீஸ் காவல்... எல்லாம் எங்க அரசு பாத்துக்கும். அங்க கூட்டணியும் கிடையாது, எலெக்ஷனும் கிடையாது... முழு டேர்ம் உள்ளயே இருக்கலாம்!"