எட்டு சிலிண்டரும் ஓர் இதயமும்

காலை ஆறரை மணிக்குப் பிலோமினாவின் இதயம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அந்தச் சில நொடிகள் அவள் நாற்காலியில் சாய்ந்து அசையாமல் இருக்க வேண்டும். கணவர் சவரிராயன் காபி டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொள்வார். அவள் விலாவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "புதுப்பிப்பு முடிந்தது, இனிய நாள்" என்றதும் டம்ளர் திரும்பக் கைமாறும். தூத்துக்குடியில் அவர்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதயத்துக்குப் பதிலாக நெஞ்சுக்குள் சுழலும் இதயச்சுழலிதான் என்பதால் இதில் யாருக்கும் அதிசயமில்லை.

அன்று அந்தக் குரல் கொஞ்சம் கூடுதலாகப் பேசியது.

"இது உங்கள் மாதிரிக்கான இறுதிப் புதுப்பிப்பு. இம்மாதத்துடன் எங்கள் ஆதரவு நிறைவடைகிறது. இத்தனை ஆண்டுகள் எங்களோடு இருந்ததற்கு நன்றி."

"என்னங்க சொல்லுது?" என்றாள் பிலோமினா.

"கம்பெனிக்காரன் புதுசு வாங்கச் சொல்லுதான். வேற என்ன," என்று டம்ளரை நீட்டினார் சவரிராயன். காபி விளிம்பு வரை தளும்பி அவர் விரலில் வழிந்தது.

சவரிராயன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரங்களைக் கண்காணித்து ஓய்வு பெற்றவர். அது பிழைப்பு. அவருடைய வாழ்க்கை, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் நின்றது. 1970ஆம் ஆண்டு ஷெவெல் கார். நீண்ட முகம், இரண்டே கதவுகள், உள்ளே எட்டு சிலிண்டர் எரிபொறி. இந்த ரகத்தைத்தான் அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் மசில் கார் என்று கொண்டாடினார்கள். பெட்ரோல் வண்டிகளை உலகமே கைவிட்டபோது அவை கப்பல் கப்பலாகக் கழிவு இரும்பாய் வந்திறங்கின. அப்படி வந்த குவியலில், நசுக்கும் இயந்திரத்துக்கு முந்தின வரிசையில், கூரை துருப்பிடித்துக் கிடந்ததை அவர் கண்டார். கல்யாணமான புதிது. தேனிலவுக்கு ஒதுக்கிய விடுப்பு முழுவதும் அதன் அடியில் படுத்தபடியே கழிந்தது.

பிலோமினா முதலில் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவளே கறுப்பு இருக்கைகளைத் தைத்தாள். பம்பரின் குரோமைப் பளபளக்கத் துடைப்பது அவள் வேலையானது. வேறு யாரையும் தொட விடமாட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த வண்டிக்கு ஒரு செல்லம் இருந்தது.

உதிரி பாகங்களுக்கு அவர்கள் தவித்ததே இல்லை. பிஸ்டன் தேய்ந்தபோது அர்ஜென்டினாவில் ஒருவர் வார்த்து அனுப்பினார். கண்ணாடி ரப்பருக்கு ஒசாகாவில் ஓர் அம்மாள் இருந்தார். பார்த்தேயிராத மனிதர்கள், தொழில் முடிந்த நேரத்தில், ஒருவருக்கொருவர் செய்துகொடுத்தார்கள். ஆளில்லாமல் ஓடும் தானோட்டி வண்டிகளுக்கு மட்டுமேயான சாலைகளில் இந்த வண்டிக்கு அனுமதியில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, பழைய உப்பளச் சாலையில் மட்டும் கையால் ஓட்டிக்கொள்ளலாம். பாசியிலிருந்து வடித்த எரிநெய்யில் ஷெவெல் உறுமும்போது உப்பளத்துக் கொக்குகள் கூட்டமாக எழும்பும். பிலோமினா சத்தம் போட்டுச் சிரிப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு மத்தியானம் முதுகைத் தடவிக்கொடுத்த சவரிராயன், அப்படியே காதை வைத்துக் கேட்டார்.

"வண்டிக்குத்தான் காது குடுப்பிய. இன்னைக்கு எனக்கா?" என்றாள் அவள்.

அவர் காதை எடுக்கவில்லை. சுழலியின் ரீங்காரத்துக்கு அடியில், மணல் அரைபடுவது போல ஒரு சத்தம். எத்தனையோ எரிபொறிகளில் கேட்ட சத்தம்தான். பெயரிங் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் இதைச் சொன்னபோது டாக்டர் ஹசீனா மறுக்கவில்லை. "நானும் பாத்துட்டேன் அண்ணாச்சி. அதேதான்."

"மாத்திரலாம்லா?"

"பெயரிங்க மட்டும் மாத்துறது சின்ன வேலை. விலா இடுக்குல ஒரு துளை போட்டாப் போதும். ஆனா அந்தப் பாகம் இப்ப வர்றதில்ல. இருந்த இருப்பையும் கம்பெனி அழிச்சிருச்சு. புது மாதிரி வைக்கணும்னா நெஞ்சத் திறக்கணும். அக்கா உடம்பு தாங்காது."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா?"

"என்னைய என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார் டாக்டர். அவர் கண்கள் சிவந்திருந்தன. "இதே பதில இந்த வாரம் இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கேன்."

சவரிராயன் சென்னைக்குப் போனார். கம்பெனியின் வரவேற்பறையில் இருந்த இயந்திரப் பணியாளர் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, உண்மையான வருத்தத்தைப் போலவே தெரிந்த ஒரு வருத்தத்தைத் தெரிவித்து, புதிய மாதிரியின் படத்தைக் காட்டியது. கத்திப் பார்த்தார். அதன் குரல் மேலும் கனிவானது. யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் படியிறங்கினார்.

கொட்டகையிலிருந்த கடைசல் இயந்திரத்தில் அந்தப் பெயரிங்கைத் தானே செய்து பார்த்தார். அது மிளகில் பாதிகூட இல்லாத பீங்கான் வளையம். அவர் கைக்குள் வந்ததெல்லாம் தூளாகிப் போயிற்று. அர்ஜென்டினாக்காரரைக் கேட்டார், ஒசாகா அம்மாளைக் கேட்டார். அவர்களுக்கு இரும்பும் ரப்பரும்தான் தெரியும். "மன்னித்துவிடுங்கள்" என்று இருவரும் எழுதினார்கள்.

கடைசி ஞாயிறு, பூசைக்குப் போக முடியாத பிலோமினா, "உப்பளத்துக்குப் போவமா?" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னிருக்கையில் வைத்தார். மழைக்காலத்தில் பல வாரம் ஓட்டாமல் கிடந்த ஷெவெல் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. எட்டு சிலிண்டரும் ஒரு பிசிறில்லாமல் ஓடின. அவருக்கு முதன்முறையாக அந்த வண்டியின்மேல் ஆத்திரம் வந்தது.

"வேகமாப் போங்க," என்றாள்.

"ஒனக்குக் குலுக்கம் ஆகாதுட்டி."

"போங்கங்க."

போனார். வெள்ளை உப்பு மேடுகள் இருபுறமும் பின்னோடின. அவள் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

அடக்கம் முடிந்து வீடு வெறிச்சோடியிருந்த ஒரு பிற்பகலில், கோயம்புத்தூரிலிருந்து நிவேதன் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கூச்சமாகக் கைகூப்பினார்.

"இந்த நேரத்துல வரக்கூடாதுங்க. ஆனா ஆஸ்பத்திரியில எடுத்து வச்சிருக்கற அம்மாவோட சுழலிய, திங்கக்கிழமை கம்பெனி வந்து கொண்டுபோய் நசுக்கிருவாங்க. அதுக்குள்ள உங்க சம்மதம் வேணுமுங்க."

"எதுக்கு?"

"பழைய இதயச்சுழலிகளச் சேர்த்துச் சரிபண்றது எனக்குச் சின்ன வயசுலருந்தே பொழுதுபோக்குங்க. எங்களுக்கு ஒரு சங்கமே இருக்குது. இந்த மாதிரி ரொம்ப அருமையானது. யாரும் பிரிச்சது இல்லைங்களே?"

"இல்ல," என்றார் சவரிராயன். "பெயரிங் போயிருச்சு."

"அது ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. பெயரிங் நாங்களே செய்யறோம். பொள்ளாச்சியில ஒருத்தர் அச்சு அசலாப் பண்ணுவாரு."

சவரிராயன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பலேர்ந்து?"

"அது ஆச்சுங்க, நாலஞ்சு வருசம்."

"யாருமே சொல்லலியே."

நிவேதன் தலைகுனிந்தார். "வெளிய சொல்றதில்லீங்க. உயிரோட இருக்கறவங்க கேட்டு வந்துருவாங்க. ஓடிட்டு இருக்கற சுழலிய கம்பெனி தவிர யார் தொட்டாலும் குத்தம். நின்னுபோனாத்தான் அது பழம்பொருள். அப்புறம் யாரும் தடுக்க மாட்டாங்க. எங்க வருசாந்திரக் கண்காட்சிக்கு அந்தக் கம்பெனிதான் ஆதரவு."

சவரிராயனுக்கு இந்த மனிதரை அடித்துத் துரத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எதிரில் நின்றவரின் நகக்கண்களில் எண்ணெய்க் கறை இருந்தது. ஒரு பாகம் கிடைக்காதா என்று தவிக்கும் அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. வேறு எதுவும் அவர் கையில் இல்லை. ஒன்று திங்கட்கிழமை நசுங்க வேண்டும், அல்லது இவரோடு போக வேண்டும்.

நிவேதன் நீட்டிய சம்மதத் திரையில் கட்டைவிரலை வைத்தார்.

வாசல் வரை போன நிவேதன் திரும்பி வந்து, நெகிழ்ந்துபோய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க ஐயா. நாங்க நல்லாப் பாத்துக்குவோம். இன்னும் நூறு வருசத்துக்கு நிக்காம ஓடும்."