சொல்லிட்டு வா

நத்தத்திலிருந்து கிளம்பும்போது வண்டியின் திரை அறுபது சதவீதத்துக்கு மேல் காட்டியது. பழனியில் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திய பிறகும் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டிய சார்ஜ். திண்டுக்கல் ஊருக்குள் நுழைந்தபோதே அது இருபதுக்கு வந்திருந்தது.

அன்புக்கரசி ஏசியைக் குறைத்துப் பார்த்தாள். பாட்டை நிறுத்தினாள். எண் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வருடமாக ஓட்டுகிற வண்டி, அதன் குணம் அவளுக்கு அத்துப்படி. ஒரு தடவை ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகக் கொடைக்கானல் மலையேறியபோதுதான் பேட்டரி இப்படித் தண்ணீராகக் கரைந்தது. இன்றைக்கு ஏற்றமும் இல்லை, ஆளும் இல்லை. அவளும் பின்சீட்டில் தூங்குகிற ஐந்து வயதுப் பாப்பாவும்தான். ஆனாலும் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தது. பழனி ரோட்டில் திரும்பி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் தரையில் கரகரவென்று உரசியது. இதுவரை ஒரு நாளும் உரசியதில்லை.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். பாப்பா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சீட் காலியாகத்தான் இருந்தது. வண்டிக்குள் சம்பங்கி மாலை வாசம் இன்னும் போகவில்லை. சாவு வீட்டில் உட்கார்ந்து எழுந்த சேலை, அதில் ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செத்தது அவள் கணவன் முத்துக்கிருஷ்ணனின் பெரியப்பா, பேச்சிமுத்து. பிள்ளை இல்லாத மனிதர், அதனால் கொள்ளி வைக்கிற பொறுப்பு முத்துக்கிருஷ்ணனுக்கு. பாப்பா வெயிலில் வாடி இரண்டு தடவை வாந்தி எடுத்ததும் அவன்தான் இவர்களை அனுப்பி வைத்தான். "நீ பிள்ளைய கூட்டிட்டுக் கெளம்பு. நான் காரியத்த முடிச்சுட்டு பஸ்ஸுல வாரேன். வழியில எங்கயும் நிக்காத, நேரா வீட்டுக்குப் போயி தலைக்கு ஊத்து, மத்ததெல்லாம் பெறகு." துட்டி வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் அவளும் செய்திருப்பாள்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி, மூடிக்கிடந்த ஒரு ஓட்டலை ஒட்டி சார்ஜிங் ஸ்டேஷன் இருந்தது. தகரக் கூரை, அதன் கீழே இரண்டு மெஷின்கள். பின்னால் சோளம் அறுத்து முடித்த காடு, தட்டைக் கட்டைகள் மட்டும் குத்திக்கொண்டு நிற்க, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ஒரு மரமில்லை. மத்தியான வெயிலில் ரோட்டிலும் ஒரு வண்டி இல்லை.

வேறு வழியில்லை. எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது.

மெஷினின் சார்ஜிங் கன்னை எடுத்து வண்டியின் மூக்கில் செருகினாள். கடக்கென்று பூட்டிக்கொண்டது. போனில் தட்டியதும் மெஷினின் காற்றாடி பெரிதாக இரைந்தது. வண்டிக்குள் ஏசி ஓடியது, பாப்பா அசையவில்லை. ஓட்டலின் ஓரத்தில் ஒரு குழாய் தெரிந்தது. முகத்தையாவது கழுவலாம் என்று நடந்தாள். பாதி திறந்திருந்த ஷட்டருக்குள்ளிருந்து வாட்ச்மேன் போல ஒருவர் எழுந்து வந்து, அவிழ்ந்து கிடந்த அவள் தலைமுடியையும் கசங்கிய சேலையையும் பார்த்தார்.

"துட்டி வீட்டுல இருந்து வாரீங்களாங்க?"

"ஆமாண்ணே. கொஞ்சம் தண்ணி…"

"அதத் தொடாதீங்க. குடிக்கற தண்ணிங்க அது." வண்டியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இங்க எதுக்குங்க நிறுத்துனீங்க? எடுத்துட்டுப் போயிருங்க."

"சார்ஜ் ஏறினதும் போயிடறேன்."

அவர் அவசரமாக நகர்ந்தார். உள்ளே போய் ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டார். உள்பக்கம் பூட்டுகிற சத்தமும் கேட்டது. மனிதர்கள் மனிதர்களாக இருக்கிற லட்சணம் இது என்று எரிச்சலோடு திரும்பினாள். அந்த எரிச்சல் நல்லதாகத்தான் இருந்தது. அது இருக்கிற வரை வேறொன்றை நினைக்காமல் இருக்க முடிந்தது.

ஆனால் மெஷினுக்குப் பக்கத்தில் வெறுமனே நிற்கும்போது நினைவு வராமல் எங்கே போகும்.

பாப்பா பிறந்த பதினாறாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, பேச்சிமுத்து மாமா தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "இத எனக்குக் குடுத்துருத்தா. ஒனக்கு இன்னொண்ணு பொறக்கும்." அவள் சிரித்துக்கொண்டே, "இதென்ன பூனைக்குட்டியா மாமா, தூக்கிக் குடுக்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. விசேஷ வீடுகளில் எதிரே உட்கார்ந்து, சுருட்டைப் புகைத்தபடி பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதுதான் வாயைத் திறந்தார். "கேட்டேன். நீ குடுக்கல. இனி கேக்க மாட்டேன்."

அவர் செத்தார் என்று போன் வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்படி இருந்தும் இன்று காலை அந்தத் தப்பைச் செய்தாள்.

யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் கிளம்பக் கூடாது என்பது பாப்பாவுக்கு அவள் பழக்கிய மரியாதை. வாசலில் செருப்பை மாட்டிவிட்டு, பெரியவர்களிடம் சொல்லிட்டு வா என்று முதுகைத் தட்டி அனுப்புவாள். பிள்ளை ஓடிப் போய், போயிட்டு வாரேன், நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்க என்று கிளிப்பிள்ளையாகச் சொல்லிவிட்டு வரும். பார்க்கிறவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். இன்று துக்க வீட்டு வாசலிலும், இரண்டு நாள் தூக்கமில்லாத தலையோடு செருப்பை மாட்டிவிட்டவள், வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டாள். "தாத்தாகிட்ட சொல்லிட்டு வா."

நாக்கைக் கடிப்பதற்குள் பாப்பா ஓடிவிட்டது. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி, எட்டிப் பார்த்து, கணீரென்று சொன்னது. "போயிட்டு வாரேன் தாத்தா. நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்க."

ஒப்பாரி நின்றது. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வருகிறேன் என்பதில்லை, வா என்பதும் இல்லை. சத்தமில்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். செத்தவரின் மனைவி பேச்சாயி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். "என்னத்தடி சொல்லிக் குடுத்த பிள்ளைக்கு," என்றாள், மெதுவாக. அந்தக் கண்ணில் கோபமில்லை. பயம் இருந்தது.

போன் அடித்தது. முத்துக்கிருஷ்ணன்.

"எங்க இருக்க, வீட்டுக்குப் போயிட்டியா?"

"இல்லங்க. சார்ஜ் எறங்கிருச்சு. ரெட்டியார்சத்திரம் தாண்டி போட்டிருக்கேன்."

அவனுக்குப் பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது, ஆட்கள் பேசுவது கேட்டது. "நிக்காதன்னு சொன்னேன்ல," என்றான். அவன் குரல் சரியாக இல்லை. "அன்பு, இங்க ஒரு மாதிரியா இருக்கு. பாடையத் தூக்கினோம். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க. கனமே இல்ல. பெரியப்பா எப்பேர்ப்பட்ட உடம்புக்காரரு, உனக்குத் தெரியும். வெறும் மூங்கிலத் தூக்குற மாதிரி இருக்கு. துணிய வெலக்கிப் பாத்தோம், ஆள் இருக்காரு. ஆனா கனம் இல்ல."

அவள் வண்டியைப் பார்த்தாள்.

பின் சக்கரங்கள் இரண்டும் நசுங்கி, பின்பக்கம் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

"என்னங்க," என்றாள். லைன் போய்விட்டது. மறுபடி போட்டாள். டவர் இல்லை.

மெஷினின் திரையைப் பார்த்தாள். இத்தனை நேரம் இரைந்தும் எண் ஏறவில்லை, இறங்கியிருந்தது. போதும், உருட்டிக்கொண்டாவது இங்கிருந்து போய்விட வேண்டும். போனில் நிறுத்துவதற்குத் தட்டினாள், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மெஷினின் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். காற்றாடி நின்றது. கன்னைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். காலை பம்பரில் ஊன்றி இழுத்தாள். உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல அது அசையவே இல்லை.

காற்றாடி நின்ற பிறகு அந்தப் பொட்டல் முழுக்க அமைதி. அந்த அமைதியில்தான் அது கேட்டது.

வண்டிக்குள் பாப்பா பேசிக்கொண்டிருந்தாள்.

அது தூக்க உளறல் இல்லை. ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்கிற பேச்சு. "ம்… இல்ல… அம்மா திட்டும்… ம்." பிறகு சின்னச் சிரிப்பு.

பின்கதவுக் கண்ணாடிக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடி. நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தாள். கண்ணாடி ஐஸ் மாதிரி சில்லிட்டது. வெளியே கொளுத்துகிற வெயில்.

பாப்பா உட்கார்ந்திருந்தாள். சீட்டில் இல்லை. சீட்டுக்கு ஒரு முழம் மேலே, காலை ஆட்டிக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்து. ஒரு மடியில் உட்கார்வது போல. கீழே மடி இல்லை. அவள் தலைமுடி தானாக ஒதுங்கி, காதுக்குப் பின்னால் போய் நின்றது. யாரோ கோதிவிட்ட மாதிரி.

கதவைப் பிடுங்கித் திறந்தாள். சுருட்டு வாசம் முகத்தில் அடித்தது. பிள்ளையின் இடுப்பைக் கட்டி இழுத்தாள். நகரவில்லை. கருங்கல்லை இழுப்பது போல. பாப்பா முகம் சுளித்தாள்.

"வலிக்குதும்மா."

"வா. அம்மாகிட்ட வா."

"தாத்தா விட மாட்டேங்குறாக."

"அண்ணே," என்று ஷட்டரைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே, வாங்கண்ணே." ஷட்டர் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு ரேடியோவின் சத்தம் கூடியது.

அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும். ஐந்து வருடம் அடக்கிய ஆத்திரம். வாவென்று அழைத்ததுதானே தப்பு. அப்படியானால் போகச் சொல்ல வேண்டியதுதான். எந்த விருந்தாளியிடமும் அவள் வாயிலிருந்து வராத சொல். பிள்ளையின் தோளுக்கு மேலே இருந்த வெறும் இடத்தைப் பார்த்துத் தொண்டை கிழியச் சொன்னாள்.

"போ. இனி எங்ககிட்ட வராத. எழுந்து போயிரு."

வண்டி ஒரு தடவை குலுங்கியது. அழுந்திக் கிடந்த பின்பக்கம் மெல்ல, மெல்ல மேலே எழும்பியது. சுருட்டு வாசம் விலகியது. குளிர் விலகியது. பாப்பாவின் கால்கள் சீட்டில் வந்து பட்டன.

அன்புக்கரசி கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். போய்விட்டார். போய்த் தொலைந்தார்.

அந்தப்பக்கத்துக் கதவு திறந்தது. குழந்தைகள் உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டிவைத்த கதவு. வெயில் உள்ளே விழுந்தது. பாப்பா சீட்டில் நகர்ந்து போய், அந்தப் பக்கமாக இறங்கினாள்.

"பாப்பா."

பிள்ளை நின்றது. திரும்பவில்லை. ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருந்தது, விரல்கள் எதையோ பிடித்தபடி.

"நீ போகச் சொன்னேல்லம்மா," என்றது. "போறேம்மா."

அவள் ஓடினாள். வண்டியைச் சுற்றி ஓடினாள். கேபிள் காலில் தட்டி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். தட்டைக் கட்டைகள் பாதத்தில் குத்தின. பிள்ளை நடந்துதான் போனது. அவள் ஓடினாள். இடைவெளி குறையவில்லை. சின்னச் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அங்கிருந்து காலடித் தடம் இல்லை.

தூக்கிய கை இன்னும் உயர்ந்தது. குதிகால் தரையை விட்டது. பிறகு கால் முழுவதும்.

ஆள் உயரத்தில், வெறும் வெயிலில், இடுப்பில் ஏற்றிவைத்த பிள்ளையாகப் பாப்பா உட்கார்ந்திருந்தாள். ஒரு கை இல்லாத கழுத்தைக் கட்டியிருந்தது. இல்லாத தோளில் கன்னத்தைச் சாய்த்து, அம்மாவைப் பார்த்தபடி, கண்ணிமைக்காமல், அந்தக் காட்டின் குறுக்கே போய்க்கொண்டே இருந்தாள்.