முசரவாக்கம் டனல்

நான்காம் எண் டனல் 'அப்' என்று காட்டியது. கடையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஷாரோனுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இரண்டு ஊர் ரூட்டர்களுக்கு நடுவே இணையத்தில் போடும் தனிப்பாதைதான் டனல்; 'அப்' என்றால் பாதை திறந்திருக்கிறது, 'டவுன்' என்றால் அறுந்திருக்கிறது. நான்காம் எண் முசரவாக்கம் கிடங்குக்குப் போனது. அந்தக் கிடங்கை இடித்து இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த டனலை அழித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். காஞ்சிபுரம் பட்டுக்கடையின் பின்னறையில் ஏசி முனகிக்கொண்டிருக்க, சுவருக்கு அப்பால் புடவைகளைப் பிரிக்கும் சரசரப்பும் புதுப்பட்டின் வாசனையும் கதவிடுக்கு வழியே வந்துகொண்டிருந்தன. வாலாஜாபாத்தில் புதுக் கிடங்கு. ஜரிகை கறுக்கக் கூடாதென்று ஜன்னலில்லாமல், காற்றுப் புகாமல் கட்டிய அறை. கதவை இங்கிருந்து டனல் வழியாகத்தான் திறக்க முடியும். முதலாளி வேணுகோபால் கட்டிய பெண்டாட்டியையும் நம்பிச் சாவி கொடுக்காதவர். அங்கே தனியாக ரூட்டர் மாட்டப் போனவன் ஷாரோனின் கணவன் ஜான்சன். மின்சாரம் கொடுத்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

வீடியோ காலில் அவன் முகம் வேர்த்து வழிந்தது. "சீக்கிரம் தொறமா. மூச்சு முட்டிக்கினு இருக்குது."

"ரெண்டே நிமிஷங்க."

புது டனல் எழவில்லை. காரணம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். முசரவாக்கத்து அமைப்பை ஈயடிச்சான் காப்பியாக எடுத்து, எண்ணை மட்டும் ஏழாக மாற்றியிருந்தாள். எதிர்முனையின் முகவரி முசரவாக்கத்துடையதாகவே கிடந்தது.

ஏழு, டவுன். நான்கு, மறுபடியும் அப்.

அவளுக்குப் பயம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கேட்காமல் அந்த டனலை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனவள் அவள்தான். திங்கட்கிழமை கதவை உடைத்துக் காவலாளி தேவசகாயத்தைப் பிணமாக எடுத்தார்கள். கரண்ட் போயிருக்கும் என்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். ஜான்சனிடம்கூடச் சொல்லவில்லை.

அழித்தாள். நான்கு திரும்ப வந்தது.

"ஷாரோன்..." அவன் குரல் கரகரத்தது. உதடு நீலமாகியிருந்தது.

முகவரியைத் திருத்த ஐந்து நிமிஷம் வேண்டும். நான்கு தயாராக இருந்தது. அதன் வழியாகவே 'திற' என்று அனுப்பினாள்.

'திறந்தது' என்று பதில் வந்தது.

போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜான்சன் சிரித்தான். "தொறந்துடுச்சுமா." வெளியே நடந்தான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"என்னாமா இது? இதுவும் ரூமா இருக்குது."

போனின் டார்ச்சைப் போட்டான். ஜன்னல் இல்லை. பழைய மர அலமாரிகள். சாத்திய கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல்கள்.

திற. திற. திற.

ஏழு, டவுன். நான்கு, டவுன்.

வெளிச்சம் மூலைக்குத் திரும்பியது. அங்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்த தேவசகாயம், ஜான்சனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.